புதுச்சேரி கடலுக்கு எத்தனை சர்ஃப் போர்டு வேணும்? இரண்டு போதும்... ஆனால் எந்த இரண்டு?

ஜூலை மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தந்திராயன்குப்பம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் ‘செரினிட்டி பீச்’ என்று சொல்வார்களே, அதேதான். கரையிலிருந்து கடல் பக்கமாக லேசாகக் காற்று வீசும். இடுப்பளவு அலை, நல்ல நாள் என்றால் நெஞ்சளவு, கற்குவியலை ஒட்டி வரிசையாக மடிந்து வரும். அதே இடத்துக்குப் பிப்ரவரியில் போனால் கடல் குளம் மாதிரி கிடக்கும். முழங்கால் உயர அலைக்கே காத்துக் கிடக்கணும். நவம்பரில் போனால் பழுப்பு நிறத் தண்ணீர், எந்தப் பக்கம் உடையும் என்றே தெரியாத நுரை.

ஒரே கடற்கரைக்கு மூன்று முகம். இதில் எந்த முகத்துக்குப் போர்டு வாங்குவது?

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே நான் என் முதல் போர்டை வாங்கினேன். 6 அடி 1 அங்குலம், மெல்லிசு, கூர்முனை, மூன்று ஃபின். வீடியோக்களில் பார்ப்போமே, அச்சு அசலாக அதேபோல. இரண்டு வருஷத்தில் அதன் மேல் ஒழுங்காக எழுந்து நின்ற அலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது அது வரவேற்பறைச் சுவரில் அழகாக இருக்கிறது.

என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்து பதினைந்து வருஷத்துக்கு முன்பு இந்தக் கரையில் போர்டு தூக்கிக்கொண்டு நடந்தால் வேடிக்கை பார்ப்பார்கள். ஆரோவில் சூழலில் வளர்ந்த இரு சகோதரர்கள் தொடங்கிய கல்லியாலே சர்ஃப் பள்ளிதான் புதுச்சேரிப் பக்கம் பலருக்கு முதல் வாசல். இன்று சனி, ஞாயிறு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஐ.டி. கூட்டம் வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற பிறகு ஆர்வம் இன்னும் ஏறியிருக்கிறது. ஆர்வம் ஏறினால் அடுத்தது ஷாப்பிங்தானே. அங்கேதான் பணமும் போகிறது, உற்சாகமும் போகிறது.

அம்பறாத்தூணி கணக்கு

ஒரு சர்ஃபரிடம் இருக்கும் மொத்தப் போர்டுகளை ஆங்கிலத்தில் ‘குவிவர்’ என்பார்கள். நேர்ப்பொருள், அம்புகளைப் போட்டு முதுகில் மாட்டும் அம்பறாத்தூணி. இலக்கைப் பார்த்து அம்பை எடுப்பதுபோல, அலையைப் பார்த்துப் போர்டை எடுக்கிறார்கள்.

பனிச்சறுக்குக்காரர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கும் இதே தலைவலி. குல்மார்க் போனால் ஒரு நாள் பனி இறுகிக் கிடக்கும், மறுநாள் இரவெல்லாம் பொழிந்து பொடியாகக் கிடக்கும். நடுப்பகுதி 80 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகலான ஸ்கீ இறுகிய பனியைக் கடித்துத் திரும்பும். 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது பொடிப்பனியில் புதையாமல் மிதக்கும். இரண்டையும் ஒரே ஜோடி ஸ்கீயால் முழுசாகச் செய்ய முடியாது. அலையிலும் அப்படியே. மெதுவான அலையில் மிதக்கிற பலகை, செங்குத்தான அலையில் மூக்கைக் குத்தும். செங்குத்தான அலையில் கத்தியாகத் திரும்புகிற பலகை, மெதுவான அலையில் தாழ்ந்துபோய் நிற்கும்.

இந்தக் கரைக்கு இது புதுச் சங்கதி இல்லை. பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் நேராகக் கரைக்கு வர முடியாது, தள்ளியே நங்கூரம் போடும். ஆட்களையும் மூட்டைகளையும் அலையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தது சலங்கு. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை ஓங்கி அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். மீன்பிடிக்கக் கட்டுமரம். அதிலும் ஒரே அளவு கிடையாது. கரையோர வேலைக்குச் சின்ன மரம், கோலா மீன் தேடி ஆழத்துக்குப் போக ஏழு கட்டை வைத்துக் கட்டிய பெரிய மரம். எந்தத் தொழிலுக்கு எந்த மரம் என்ற கணக்கு இந்த ஊர்க் குப்பங்களில் சர்ஃபிங் வருவதற்கு ரொம்ப முன்பே இருந்தது.

நம்ம கடல் எப்படிப்பட்டது?

போர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது முக்கியம். கடைக்காரர் சொல்லமாட்டார், யூடியூபும் சொல்லாது. ஏனென்றால் அங்கே பேசுகிறவர்கள் கலிஃபோர்னியாவிலும் பாலியிலும் இருக்கிறார்கள்.

உலகத்தின் பெரிய, ஒழுங்கான அலைகள் தூரத்துப் புயல்களில் பிறக்கின்றன. நமக்கு அந்த ஊற்று தெற்கு இந்தியப் பெருங்கடல். அங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குளிர்காலமும் அதை ஒட்டிய மாதங்களும். அப்போது கிளம்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருகின்றன. வழியில் குறுக்கே நிற்கிறது இலங்கை. தென்மேற்கிலிருந்து நேராக வருவதில் பெரும்பகுதியை அது தடுத்துவிடுகிறது. தெற்கு, தென்கிழக்குத் திசையிலிருந்து சுற்றி வருவதுதான் நம் பங்கு. அதனால்தான் இலங்கையின் அறுகம்குடாவில் தலைக்கு மேல் அலை ஓடும் வாரத்திலும் நமக்கு நெஞ்சளவோடு நின்றுவிடுகிறது. பொறாமைப்பட்டு என்ன செய்வது.

இந்த மாதங்களில் இன்னொரு அனுகூலம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும். எதிர்க்காற்று அலையின் முகத்தை நீவிவிட்டதுபோல வழவழப்பாக்கும். ஆனால் வெயில் ஏறிய பிறகு கடற்காற்று கிளம்பி அலையைக் கலைத்துவிடும். அதனால்தான் இங்கே சர்ஃபர்கள் பால்காரர் நேரத்துக்கு எழுந்திருக்கிறார்கள்.

அக்டோபரிலிருந்து கதை மாறும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து கடல் வழியாக நேரே கரைக்கு அடிக்கும். பக்கத்திலேயே பிறந்த அலை என்பதால் ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கி வரும். அலை முன்கணிப்பு ஆப்களில் ‘பீரியட்’ என்று ஓர் எண் போடுவார்களே, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடிகள், அதைப் பார்த்தாலே புரியும். வாடைக்கால அலை 6, 7 விநாடி. ஜூலையில் தெற்கிலிருந்து வரும் நல்ல அலை 12, 14 விநாடி. உயரம் இரண்டுக்கும் ஒரு மீட்டர்தான் என்றாலும், பீரியட் இரட்டிப்பானால் அலை சுமந்து வரும் ஆற்றலும் ஏறக்குறைய இரட்டிப்பு. உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி ஏமாறுகிறவர்களும், சிக்கலில் மாட்டுகிறவர்களும் இங்கே அதிகம்.

இந்தக் காலத்தில்தான் புயல்களும். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’, 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ என்று இரண்டுமே புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தவை. ஊரே மறக்காது. ஜனவரிக்குப் பிறகு கடல் அடங்கி, மார்ச் வரை சின்னச் சின்ன அலை.

அப்புறம், தரை. அறுகம்குடாவில் பாறைமுனை இருக்கிறது. அலை எங்கே உடையும் என்பது அங்கே கிட்டத்தட்ட எழுதி வைத்த மாதிரி. நமக்கு மணல்தான். மணல் நகர்ந்தால் அலையும் நகரும். புதுச்சேரியில் அந்த மணலே ஒரு பெரிய கதை. 1980-களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டு முழுதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே போகும். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது, வடக்கே காந்தி சிலைக்கு முன்னால் இருந்த கடற்கரை கரைந்துபோய், கருங்கற்கள் மட்டும் மிஞ்சின. அரிப்பு வடக்கே நகர நகர, ஒவ்வொரு குப்பமாகக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். தந்திராயன்குப்பத்துக் கற்களும் அப்படி வந்தவைதான். அந்த இடம் கோட்டக்குப்பத்தை ஒட்டியிருக்கிறது, நிர்வாகக் கணக்கில் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். நாம் ‘பாண்டி அலை’ என்று பெருமையடிக்கும் அலை, எல்லைக்கு அந்தப் பக்கம் உடைகிறது!

ஒரு தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து திட்டாகும். அந்தத் திட்டில்தான் அலை சீராக உடைகிறது. மீனவர்களின் வீடுகளை விழுங்கிய அரிப்புக்குப் பதிலாகக் கொட்டப்பட்ட கல், சர்ஃபர்களுக்கு அலை செய்து கொடுத்திருக்கிறது. சந்தோஷப்படுவதற்குக் கூச்சமாக இருக்கும் உண்மை இது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் ஒரு செயற்கைத் திட்டு இறக்கினார்கள். அதற்குப் பிறகு காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பி வந்து, மக்கள் மறுபடி கால் நனைக்கிறார்கள். கல்லும் இரும்பும் எங்கே வைக்கிறோமோ, அதற்கேற்ப மணல், மணலுக்கேற்ப அலை. போன வருஷம் நல்லா உடைந்த இடம் இந்த வருஷமும் உடையும் என்று நம்பி ஒரே வகை அலைக்கு மட்டும் பொருந்துகிற போர்டில் மொத்தப் பணத்தையும் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆக, நம் கடலின் சுருக்கமான ஜாதகம்: வருஷத்தின் பெரும்பகுதி சின்ன, மெதுவான அலை. நடுவில் சில மாதங்கள் நல்ல அலை. தலைக்கு மேல் சுத்தமான அலை என்பது அபூர்வம். வாங்கும்போது பெரும்பாலான நாட்களைப் பார்த்து வாங்கணும், கனவு காணும் நாளைப் பார்த்து இல்லை.

லிட்டர் கணக்கு ஏன் முக்கியம்?

போர்டின் அடியில் பென்சிலில் எழுதியதுபோல சில எண்கள் இருக்கும். நீளம், அகலம், கனம், கடைசியில் லிட்டர். பலர் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது லிட்டரை.

ஒரு லிட்டர் கன அளவு கொண்ட பொருள் முழுசாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்தால், ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். நீங்கள் 65 கிலோ, போர்டு 26 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் உட்கார்ந்தால் நெஞ்சு வரை தண்ணீர். படுத்துத் துடுப்புப் போட்டாலும் உடம்பில் பாதி தண்ணீருக்குள் இழுபடும். இடுப்பளவு அலை கரையருகே உடையும்போது மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சாதாரண ஆள் கையால் துடுப்புப் போட்டால் ஐந்தாறு கிலோமீட்டர். இடையில் உள்ள வித்தியாசத்தை அலையின் சரிவு ஈடுகட்ட வேண்டும். பிப்ரவரி அலையில் சரிவே கிடையாது. அப்போது ஈடுகட்ட வேண்டியது போர்டு. உடம்பை மேலே தூக்கிப் பிடித்து வழுக்க வைக்கிற பலகை இருந்தால்தான் அந்த அலையே உங்களுக்கு அலை.

தோராயக் கணக்கு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு உடல் எடை எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டர். அலையின் முகத்தில் இடம் வலம் போகத் தெரிந்தவருக்கு எடையில் பாதிக்குச் சற்று மேல். 65 கிலோ என்றால் 34 முதல் 39 வரை. போட்டிகளில் இறங்குகிறவர்கள் எடையில் 35, 40 சதவீதத்தில் ஓட்டுகிறார்கள். ரமேஷ் மாதிரி ஆட்கள் மெல்லிய போர்டில் பறப்பதைப் பார்த்துவிட்டு நாமும் அதை வாங்குவது, ஃபார்முலா ரேஸ் பார்த்துவிட்டு அந்தக் காரில் ஆபீஸ் போக ஆசைப்படுவது மாதிரி. (என் சுவர் அலங்காரம் 27 லிட்டர். நான் அப்போது 71 கிலோ.)

மிச்சமெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கவாட்டில் பார்க்கும்போது போர்டு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் செங்குத்தான அலைக்கு நல்லது, தட்டையாக இருந்தால் மெதுவான அலைக்கு நல்லது. வால் அகலமாக இருந்தால் சின்ன அலையிலும் தள்ளும். ஃபின் ஒன்று என்றால் நிதானம், இரண்டு என்றால் வழுக்கும் வேகம், மூன்று என்றால் பிடிமானம். 1981-ல் ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் போர்டோடு பெல்ஸ் பீச் போட்டியை வென்ற பிறகு உலகமே மூன்றுக்கு மாறியது. ஆனால் பெல்ஸ் பீச்சின் அலை வேறு, தந்திராயன்குப்பத்து அலை வேறு.

சரி, எந்த இரண்டு?

முதல் போர்டு நீளமானது. எட்டு முதல் ஒன்பது அடி. கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தால் மேலே ஸ்பாஞ்சு மாதிரி மென்மையாக இருக்கும் சாஃப்ட் டாப். எட்டடி சாஃப்ட் டாப் பொதுவாக 80 லிட்டரைத் தாண்டும். தலையில் பட்டாலும் மண்டை உடையாது, பக்கத்தில் இருப்பவர் மண்டையும் உடையாது. ஏற்கெனவே நன்றாக நிற்கத் தெரிந்தவர் என்றால் ஒன்பதடி கண்ணாடியிழை லாங்போர்டு. பிப்ரவரியின் முழங்கால் அலை முதல் ஜூனின் இடுப்பளவு அலை வரை இது ஓடும். சர்ஃபிங் பழகிய பிறகு பலர் சாஃப்ட் டாப்பைக் ‘கத்துக்குட்டிப் பலகை’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தவறு. கடல் குளமாகக் கிடக்கும் காலத்தில் ஊரிலேயே அதிக அலை பிடிப்பது அந்தப் பலகைதான்.

இதில் ஒரு வீட்டுப் பிரச்சினையும் இருக்கிறது. ஒன்பதடி என்றால் 274 சென்டிமீட்டர். புதுச்சேரி வீடுகளின் குறுகல் மாடிப்படியில் திரும்பாது, பெரும்பாலான அபார்ட்மென்ட் லிஃப்டில் நுழையாது. வாங்குவதற்கு முன் படிக்கட்டை அளந்து பாருங்கள், நிஜமாகவே சொல்கிறேன். அளவு இடித்தால் எட்டடி.

இரண்டாவது போர்டில்தான் விவாதம். என் வோட்டு ‘ஃபிஷ்’ வகைக்கு. மீன் வால் மாதிரி பின்னால் பிளந்து, ஐந்தரை முதல் ஆறு அடி நீளம், அகலமான உடம்பு, இரண்டு ஃபின். 1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் மண்டியிட்டு ஓட்டுவதற்காகச் செய்த வடிவம் இது. பிறகு நின்று ஓட்டுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நீளம் குறைவு என்றாலும் அகலத்தாலும் கனத்தாலும் 35 லிட்டர் வரை அடங்கிவிடும். நம் ஜூலை காலைகளுக்கு, இடுப்பு முதல் தோள் வரையிலான அலைக்கு, இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வலுவில்லாத இடத்திலும் வேகத்தை விடாது, திரும்பவும் செய்யும்.

வாரம் ஒருமுறைகூட இறங்க முடியாதவர்களுக்கு ஃபிஷ் கொஞ்சம் அவசரக்காரன். அவர்களுக்கு ஏழடியை ஒட்டிய ‘மிட்-லெங்த்’ பொறுமையான துணை. சென்னையிலிருந்து மாதம் இருமுறை ஈ.சி.ஆரில் வருகிறவர் ஒரே போர்டுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், ஏழரை அடி மிட்-லெங்த் ஒன்றை வைத்துக்கொண்டு, கடல் செத்துக் கிடக்கும் நாட்களில் கரையிலேயே நீளப் பலகையை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவதாக ஷார்ட்போர்டு வேண்டாமா? இங்கே இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை வெளியே போகிறவர் என்றால் வேண்டாம். அறுகம்குடா போகும்போது அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே சீசன், போர்டு வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கும். விமானத்தில் போர்டு கொண்டுபோகும் கட்டணம், ஃபின் உடைந்துபோகும் பயம் இரண்டும் மிச்சம். வாரத்தில் நாலு நாள் தண்ணீரில் இருக்கிறவர், ஃபிஷ்ஷின் எல்லையைத் தொட்டுவிட்டவர், அவர் என் கட்டுரையைப் படித்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன், வாங்கிய பின்

இருபது, முப்பது முறையாவது வாடகைப் போர்டில் இறங்காமல் சொந்தமாக வாங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எந்த அளவு, எத்தனை லிட்டர், அன்று அலை எப்படி என்று போனில் குறித்து வையுங்கள். ஒரு சீசன் முடிந்ததும் அந்தக் குறிப்பே உங்களுக்கு எது வேணும் என்று சொல்லிவிடும். பழைய போர்டு வாங்குவது தப்பே இல்லை. கட்டைவிரலால் மேல்பரப்பை அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தென்று அமுங்கி, உள்ளே காற்று இருப்பதுபோலத் தெரிந்தால், மேல்தோலும் நுரையும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். விட்டுவிடுங்கள். ஃபின் மாட்டும் பள்ளத்தைச் சுற்றி விரிசல் இருந்தாலும் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

நம் ஊரில் போர்டுக்கு முதல் எதிரி பாறை என்று நினைப்போம். வெயில்தான். மே மாதம் ஈ.சி.ஆர். ஓரம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் போர்டை வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொப்புளம் கிளம்பிவிடலாம். தெர்மோகோல் மாதிரியான இ.பி.எஸ். நுரையில் செய்த எபாக்ஸி போர்டுகளுக்கும், அடர்நிறம் பூசிய போர்டுகளுக்கும் ஆபத்து அதிகம். கரையிலும் வெயிலில் மல்லாத்திப் போடாதீர்கள், வேக்ஸ் உருகி மணலோடு அப்பிக்கொள்ளும். வேக்ஸ் வாங்கும்போது ‘டிராபிகல்’ என்று பார்த்து வாங்குங்கள், குளிர்நீர் வேக்ஸ் நம் தண்ணீரில் வெண்ணெய். லீஷ் கயிறு போர்டின் நீளத்துக்குக் குறையக் கூடாது. ஒன்பதடிக்கு ஆறடி லீஷ் கட்டினால் போர்டு திரும்பி வந்து உங்களையே அடிக்கும்.

போர்டே எடுக்கக் கூடாத நாள்

எந்த அலைக்கு எந்தப் போர்டு என்ற பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருக்க வேண்டும். வாடை அடிக்கும் நாளில் தூண்டில் வளைவு ஓரம் அதற்கு உதாரணம்.

அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் எங்காவது வழி பார்த்துத் திரும்பணும். கற்களை ஒட்டிய பள்ளம் அதற்குத் தோதான வழி. அங்கே கடல் நோக்கி ஓர் இழுப்பு ஓடும். பழகியவர்கள் அந்த இழுப்பிலேயே ஏறி, துடுப்புப் போடாமல் உள்ளே போய்விடுவார்கள். பழகாதவர் அதே இழுப்பில் பயந்து கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடுவார். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி முண்டாமல், கல்லை விட்டு விலகி, கரைக்கு இணையாகப் போக வேண்டும். போர்டை எந்த நிலையிலும் விடக் கூடாது, அதுதான் மிதவை. முடியவில்லை என்றால் அதன் மேல் படுத்துக் கையை உயர்த்துங்கள். காற்று கல்லைப் பார்த்துத் தள்ளும் நாளில் இதற்கெல்லாம் நேரமே கிடைக்காது. 80 லிட்டர் பலகை அலையில் புரண்டால் அதைக் கையால் கட்டுப்படுத்தவும் முடியாது. ‘பெரிய போர்டு, அதனால் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கை செல்லாத நாள் அது.

ஹைதராபாத்தில் இயங்கும் தேசியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ், அலை உயரமும் கொந்தளிப்பு எச்சரிக்கையும் வெளியிடுகிறது. புயல் இல்லாமலேயே தூரத்து அலைகள் திடீரென்று கரையில் ஏறும் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கையும் அதில் வரும். சர்ஃபிங் ஆப்பைப் பார்ப்பதோடு இதையும் ஒரு பார்வை பாருங்கள். ஆப் எதுவும் கையில் இல்லாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. விடியற்காலையில் தந்திராயன்குப்பத்தில் ஃபைபர் படகுகள் மொத்தமும் கரையிலேயே கிடந்தால், ஏன் என்று அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு போர்டை வண்டியிலிருந்து இறக்குங்கள்.